டைட்டானியத்துக்குள் போரைடு ஊசிகள்: சூடு எதைத் தொடுகிறது?

டைட்டானியம் காம்போசிட் (உலோகத்துக்குள் வேறொரு பொருளைச் சேர்த்து வலுவாக்கியது) வேலைக்கு லேப்பில் புதிதாகச் சேரும் பசங்க கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “சார், ஃபர்னஸ்ல வெச்சா ஊசி வளருமா?” ஊசி என்று அவர்கள் சொல்வது, உலோகத்துக்குள் ஊடாகக் கிடக்கும், டைட்டானியமும் போரானும் சேர்ந்த டைட்டானியம் போரைடை. வலு சேர்ப்பதற்காகத்தான் அதைப் போடுகிறோம். அதனால் எல்லோருடைய கண்ணும் அதன் மேலேயே இருக்கும். சூட்டுக்கு முன்னால் எடுத்த படம், பின்னால் எடுத்த படம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஊசி அநேகமாக அப்படியே இருக்கும். அதே நீளம், அதே கனம். சுற்றியிருக்கும் உலோகம்தான் அடையாளம் தெரியாமல் மாறியிருக்கும்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதற்கு அடுத்த படி. மாறுவது உலோகம்தான். ஆனால் அது எப்படி மாறலாம், எவ்வளவு மாறலாம் என்பதில் அசையாமல் கிடக்கும் அந்த ஊசிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. காம்போசிட்டின் பலம் ஊசியால் வந்தது என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிடுகிறோம். அதில் பாதிக் கதை விட்டுப்போகிறது.

முதலில் டைட்டானியத்தின் குணம் தெரிய வேண்டும். சுத்த டைட்டானியத்தின் அணுக்கள் அறை வெப்பநிலையில் அறுகோண அடுக்காக அமைந்திருக்கும். அதற்கு ஆல்ஃபா என்று பெயர். 882 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உருகாமலேயே, திடமாக இருந்தபடியே, கனசதுர அமைப்புக்கு மாறிவிடும், அது பீட்டா. உருகுவது 1668 டிகிரியில்தான். இடையில் கிட்டத்தட்ட 800 டிகிரி இடைவெளி இருக்கிறது, ஹீட் ட்ரீட்மென்ட் (சூடாக்கிக் குளிரவைத்து உலோகத்தின் அமைப்பை மாற்றுவது) செய்பவர்களுக்கு அவ்வளவு பெரிய மைதானம். அலுமினியம் சேர்த்தால் ஆல்ஃபா நிலைத்து நிற்கும், வனேடியம் சேர்த்தால் பீட்டா நிலைத்து நிற்கும். 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்த கலவையை நாங்கள் ‘சிக்ஸ்-ஃபோர்’ என்போம். விமான எஞ்சினின் விசிறி பிளேடிலிருந்து இடுப்பு எலும்புக்கு மாற்றாக வைக்கும் இம்ப்ளான்ட் வரை, உலகில் அதிகம் புழங்கும் டைட்டானியம் அலாய் இதுதான். இது முழுக்க பீட்டாவாக மாறுவது ஏறக்குறைய 995 டிகிரியில். உலோகத்துக்குள் இருக்கும் ஆக்சிஜன் அளவைப் பொறுத்து அந்தக் கோடு கொஞ்சம் மேலே கீழே நகரும். பவுடரிலிருந்து செய்த பொருளில் ஆக்சிஜன் சற்றுக் கூடுதலாக இருப்பது வழக்கம். அதனால் கோடு மேலே ஏறியிருக்கும். கையேட்டில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பி ஃபர்னஸை செட் பண்ணக் கூடாது.

அப்புறம் குவெஞ்ச். சிவக்கக் காய்ந்த இரும்பைத் தண்ணீரில் தோய்த்தால் இறுகும் என்பது கொல்லர் பட்டறையைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். எஃகுக்குள் இருக்கும் கார்பன் அணுக்கள் வெளியேற நேரமில்லாமல் சிக்கிக்கொள்வதுதான் அந்த இறுக்கத்துக்குக் காரணம். எஃகில் அப்படி வரும் அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். டைட்டானியத்தைத் தோய்த்தாலும் மார்ட்டென்சைட் வரும். மைக்ரோஸ்கோப்பில் மெல்லிய கீற்றுகளாகக் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். ஆனால் அதில் எஃகு அளவுக்கு இறுக்கம் இருக்காது, ஏனென்றால் சிக்கவைக்க அந்த அளவு கார்பன் அதற்குள் இல்லை. டைட்டானியத்தின் பலம் அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. தோய்த்ததை 500 முதல் 600 டிகிரி வரை சில மணி நேரம் வைத்தால் அந்தக் கீற்றுகள் கலைந்து, மிக நுண்ணிய ஆல்ஃபாவும் பீட்டாவும் அடுத்தடுத்த அடுக்காகப் பிரியும். இதைத்தான் ஏஜிங் என்கிறோம். பலம் இங்கேதான் ஏறும்.

டைட்டானியம் சூட்டை மிக மெதுவாகக் கடத்தும் உலோகம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எஃகோடு ஒப்பிட்டாலே பல மடங்கு குறைவு. அலுமினியத்தின் பக்கத்திலேயே வர முடியாது. அதனால் 25 மில்லிமீட்டருக்கு மேல் கனமான துண்டைத் தண்ணீரில் போட்டால், மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்தாலும் நடுப்பகுதி நிதானமாகத்தான் குளிரும். வெளியே ஒரு அமைப்பு, உள்ளே வேறொரு அமைப்பு. ஃபர்னஸ் கதவைத் திறந்து துண்டை இடுக்கியில் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் போடும் அந்தச் சில விநாடிகளில்கூட அமைப்பு மாறிக்கொண்டிருக்கும். அதனால்தான் தொட்டியை ஃபர்னஸை ஒட்டியே வைக்கிறோம்.

சரி, ஊசிக்கு வருவோம். அதை வெளியில் செய்து கொண்டுவந்து போடுவதில்லை. டைட்டானியம் பவுடரோடு டைட்டானியம் டைபோரைடு பவுடரைக் கலந்து, அழுத்தி, 1200, 1300 டிகிரியில் சூடாக்கினால் இரண்டும் வினைபுரிந்து டைட்டானியம் மோனோபோரைடு ஆகிவிடும், அதுதான் நம் ஊசி. உலோகத்துக்குள்ளேயே பிறந்தது என்பதால் இரண்டுக்கும் இடையிலான ஒட்டு சுத்தமாக இருக்கும். போரான் அணுக்கள் அந்தப் படிகத்துக்குள் சங்கிலிபோல ஒரே திசையில் கோர்த்துக்கொண்டு நிற்பதால், அந்தத் திசையில் வேகமாக வளர்ந்து ஊசி வடிவம் எடுக்கிறது. நன்றாகப் பாலிஷ் பண்ணிய துண்டில் ஊசியின் குறுக்குவெட்டு நமக்கு நேராக அமைந்துவிட்டால், கூர்மையான முனைகளோடு ஒரு சிறிய அறுகோணம் தெரியும். தடித்த ஊசிகளில் சில உள்ளே பொள்ளலாக இருக்கும். அந்தப் பொள்ளலுக்குள் டைட்டானியமே நிரம்பியிருக்கும். முதல்முறை அதைப் பார்ப்பவர்கள் ஏதோ குறை என்றே நினைப்பார்கள். வளர்ச்சியின்போது உலோகம் உள்ளே அகப்பட்டுக்கொண்டதுதான் அது.

இந்த ஜோடி இவ்வளவு நன்றாகப் பொருந்துவதற்குக் காரணங்கள் உண்டு. அடர்த்தி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே, ஒரு கனசென்டிமீட்டருக்கு 4.5 கிராம். சூட்டில் விரிவதும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதனால் ஆயிரம் டிகிரிக்கு ஏற்றி இறக்கினாலும் ஊசிக்கும் உலோகத்துக்கும் இடையே பெரிய இழுபறி வராது. விறைப்பிலோ போரைடு பல மடங்கு மேல். மூன்றாவது காரணம் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு ரொம்ப முக்கியம்: போரான் திட டைட்டானியத்தில் 0.1 சதவீதம்கூடக் கரையாது. ஊசி வளர வேண்டுமென்றால் ஒரு ஊசியிலிருந்து போரான் கரைந்து, உலோகத்துக்குள் பயணம் செய்து, இன்னொரு ஊசியில் போய்ச் சேர வேண்டும். கரையவே இடமில்லாதபோது பயணம் எங்கிருந்து வரும்? பசங்க கேட்கும் கேள்விக்குப் பதில் இந்தக் கரையாமையில்தான் இருக்கிறது.

இது ஆராய்ச்சி லேப்போடு நின்றுபோன விஷயம் இல்லை. 1998-ல் வந்த டொயோட்டா ஆல்டெஸா காரின் எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வை இந்தப் போரைடு கலந்த டைட்டானியத்தில் செய்தார்கள், பவுடர் வழியில். வெறும் பரிசோதனை எஞ்சின் இல்லை, ஷோரூமில் விற்ற கார். எக்ஸாஸ்ட் வால்வு என்றால் எரிந்த வாயு முகத்தில் அடிக்கும் இடம்; எஃகு வால்வின் எடையில் சுமார் 60 சதவீதமே உள்ள ஒரு பொருள் அங்கே தாக்குப்பிடிக்கிறது என்பது இன்றைக்கும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

இப்போது ஊசியோடு சேர்த்து இந்த உலோகத்தைச் சூடாக்குவோம்.

ஊசி இல்லாத சிக்ஸ்-ஃபோரை 995 டிகிரிக்கு மேலே கொண்டுபோனால் ஆல்ஃபா மொத்தமும் கரைந்துபோய், பீட்டா கிரெயின்கள் மட்டும் மிஞ்சும். கிரெயின் என்பது ஒரே திசையில் அடுக்கப்பட்ட அணுக்களின் ஒரு தொகுதி; உலோகம் இப்படிப்பட்ட தொகுதிகளால் ஆனது. ஆல்ஃபா என்ற தடுப்பு போனதும் பீட்டா கிரெயின்கள் பயங்கர வேகத்தில் வளரத் தொடங்கும். பெரியது சின்னதை விழுங்கும். கொஞ்ச நேரத்திலேயே நூற்றுக்கணக்கான மைக்ரான், இன்னும் விட்டுவைத்தால் மில்லிமீட்டர் கணக்கு. வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். அப்படிப் பெருத்த கிரெயினோடு குளிர்ந்த டைட்டானியம் இழுத்தால் அதிகம் நீளாது, திரும்பத் திரும்ப வரும் சுமைக்கு விரிசலும் சீக்கிரம் விடும். அதனால்தான் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே, 950 டிகிரி பக்கத்தில் நின்றுகொள்கிறார்கள்.

ஊசி உள்ள துண்டில் நடப்பது வேறு. நகர்ந்து வரும் கிரெயின் எல்லை, வேலியோரம் நடக்கும்போது சேலை முந்தானை முள்ளில் மாட்டிக்கொள்வதுபோல, ஊசியில் மாட்டிக்கொள்கிறது. அதைத் தாண்டிப் போகக் கூடுதல் சக்தி வேண்டும். அது இல்லாததால் அங்கேயே நின்றுவிடுகிறது. இதற்கு ஜீனர் பின்னிங் என்று பெயர். கிளாரன்ஸ் ஜீனர் 1940-களில் சொன்ன கணக்கு. ஊசிகள் நெருக்கமாக இருந்தால் 1050, 1100 டிகிரியில் நிறுத்திவைத்தாலும் பீட்டா கிரெயின்கள் ஊசிகளுக்கு இடையேயுள்ள இடைவெளியைத் தாண்டிப் பெரிதாகப் போக முடியாது. யாரும் போகப் பயந்த வெப்பநிலை, இந்தப் பொருளுக்குச் சாதாரணமாகப் புழங்கும் இடமாகிவிடுகிறது. காம்போசிட்டில் ஹீட் ட்ரீட்மென்ட் என்ற விஷயத்தின் மையமே இதுதான் என்பது என் அபிப்பிராயம். ஊசி தருவது பலத்தை மட்டும் இல்லை, சூட்டோடு விளையாடும் சுதந்திரத்தையும் சேர்த்துத்தான்.

இதற்கு எவ்வளவு கொஞ்சம் போரான் போதும் என்பதை 2005-ல் தமிரிசகண்டலா, பட், டைலி, மிராக்கிள் நால்வரும் எழுதிய ஒரு சிறிய கட்டுரை காட்டியது. வார்ப்பு சிக்ஸ்-ஃபோரில் எடையில் வெறும் 0.1 சதவீதம் போரான் சேர்த்தாலே கிரெயின் அளவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அந்த அளவில் ஊசிகள் ஒரு சதவீத இடத்தைக்கூடப் பிடிக்காது. அங்கே முதல் வேலை உருகியது உறையும்போதே நடந்துவிடுகிறது: கரைய இடமில்லாத போரான், உறையும் முகப்புக்கு முன்னால் ஒதுக்கப்பட்டுக் குவிந்து, கிரெயின்களின் வளர்ச்சியைக் குலைக்கிறது. கடைசியில் அது கிரெயின் எல்லைகளிலேயே ஊசிகளாக உட்கார்ந்துவிடுவதால், பிறகு எத்தனை முறை சூடாக்கினாலும் காவல் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் இந்தப் போரான் கலந்த சிக்ஸ்-ஃபோரை வைத்துப் பிற்பாடு நிறைய வேலை நடந்தது. ஒரு சதவீதம்கூட இல்லாத ஊசி சுமையைத் தாங்கிப் பலம் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே வந்த பலன் முழுக்க, உலோகம் தன்னை அடுக்கிக்கொண்ட விதத்திலிருந்து வந்தது.

குளிரும்போது நடப்பது இன்னும் சுவாரசியம். சாதாரண சிக்ஸ்-ஃபோரை பீட்டாவிலிருந்து மெதுவாகக் குளிரவைத்தால், ஆல்ஃபா முதலில் கிரெயின் எல்லையில் வெள்ளைக் கோடாகப் படியும். பிறகு அந்தக் கோட்டிலிருந்து உள்நோக்கிப் பட்டை பட்டையாக, ஒரே திசையில், கூட்டம் கூட்டமாக வளரும். ஒரு பீட்டா கிரெயினுக்குள் ஆல்ஃபா எடுக்கக்கூடிய திசைகள் பன்னிரண்டுதான்; பர்கர்ஸ் 1934-ல் சிர்கோனியத்தில் கண்டுபிடித்த விதி டைட்டானியத்துக்கும் பொருந்தும். ஒரே திசையில் கிடக்கும் பட்டைக் கூட்டத்துக்குள் ஒரு விரிசல் நுழைந்துவிட்டால் தடையில்லாமல் ஓடும்.

ஊசி இருக்கும்போது ஆல்ஃபா முளைப்பதற்குக் கிரெயின் எல்லையை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. ஊசியின் பக்கவாட்டிலேயே முளைக்கிறது. எக்கச்சக்கமான ஊசிகள் என்பதால் எக்கச்சக்கமான இடங்களில் ஒரே சமயத்தில் முளைத்து, ஒன்றோடொன்று முட்டி, நீளப் பட்டையாக வளர வாய்ப்பில்லாமல் குட்டையாகவே நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரஜர்ஷி பானர்ஜி, ஹாமிஷ் ஃப்ரேசர் குழுவினர் பவுடரை லேசரால் உருக்கி அடுக்கடுக்காகச் செய்த போரைடு காம்போசிட்டை பீட்டா வெப்பநிலைக்குக் கொண்டுபோய் மெதுவாகக் குளிரவைத்தபோது, உருண்டை உருண்டையான ஆல்ஃபா வந்தது. இதன் அருமை இந்த வேலை செய்பவர்களுக்குத்தான் புரியும். சாதாரண டைட்டானியத்தில் உருண்டை ஆல்ஃபா வேண்டுமென்றால் முதலில் அதை நன்றாக அடித்து உருட்ட வேண்டும், பிறகு சூடாக்க வேண்டும். சூடு மட்டும் கொடுத்தால் வராது. இங்கே சுத்தியல் வேலை இல்லாமலேயே வந்தது.

மைக்ரோஸ்கோப்பில் இதைப் பார்க்க வேண்டுமென்றால் துண்டை எட்ச் பண்ண வேண்டும், அதாவது பரப்பை அமிலத்தால் லேசாக அரிக்க வேண்டும். ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் தண்ணீரில் கொஞ்சமாகக் கலந்த கிரோல் கரைசல். வலியே தெரியாமல் தோலுக்குள் இறங்கி எலும்பு வரை போகும் அமிலம் ஹைட்ரோஃப்ளோரிக். கையுறையும், பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும் இல்லாமல் யாரையும் அந்த மேஜைக்கு விடக் கூடாது. சில விநாடிகள் தொட்டெடுத்துக் கழுவி உலர்த்திப் பார்த்தால், கரிய பீட்டா கோடுகளுக்கு நடுவே வெளிர்ந்த ஆல்ஃபா. கரையாத ஊசிகள் பரப்பிலிருந்து மேலே துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு ஊசியைப் பிடித்து அதன் நீளத்தோடு ஸ்டேஜை மெதுவாக நகர்த்தினால், இரண்டு பக்கமும் ஆல்ஃபா ஒட்டிக்கொண்டே வருவது தெரியும். ஊசி இல்லாத இடத்துக்கு நகர்த்தினால் மறுபடியும் பட்டைகள். ஒரே துண்டு, ஒரே ஃபர்னஸ், ஒரே குளிர்ச்சி. சில பத்து மைக்ரான் தூரத்தில் இரண்டு விதமான அமைப்பு.

ஏஜிங்கைப் பொறுத்தவரை ஊசி அதிகம் குறுக்கே வருவதில்லை. கீற்றுகள் கலைந்து நுண்ணிய அடுக்காவது வழக்கம்போல நடக்கும், பலம் ஏறும், நீளும் தன்மை குறையும். காம்போசிட்டில் அந்தக் குறைவு அதிகம் உறுத்தும், ஏனென்றால் ஊசியின் முனையில் ஏற்கெனவே அழுத்தம் குவிந்திருக்கிறது. உலோகம் கொஞ்சம் இளகிக்கொடுத்தால்தான் அந்த அழுத்தம் பரவும். இறுகிப்போன உலோகத்துக்கு இளகத் தெரியாது. சீனாவின் ஹார்பின் தொழில்நுட்பக் கழகத்தில் ஊசிகளை உலோகம் முழுக்கத் தூவாமல், பெரிய பவுடர் உருண்டைகளின் ஓரங்களில் மட்டும் வலைபோல அமைத்தார்கள். வலையின் கண்ணுக்குள் ஊசியே இல்லாத டைட்டானியம். அதுதான் இளகிக்கொடுக்கும் பகுதி. ஹீட் ட்ரீட்மென்ட் அந்தக் கண்ணுக்குள் வேலை செய்யும், வலை அப்படியே நிற்கும். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் வந்த மிக நல்ல யோசனைகளில் இது ஒன்று.

இவ்வளவும் போரைடு ஊசிக்குத்தான். சிலிக்கான் கார்பைடு இழை போட்ட டைட்டானியத்தில் கதை தலைகீழ். அங்கே சூடு என்றாலே பயம்தான். எஸ்சிஎஸ்-6 என்ற இழை சுமார் 140 மைக்ரான் தடிமன். கார்பன் நரம்பின் மேல் சிலிக்கான் கார்பைடைப் படியவைத்து, வெளியே 3 மைக்ரான் அளவுக்குக் கார்பன் மிகுந்த பூச்சு கொடுத்தது. அந்தப் பூச்சு தியாகம் செய்வதற்கென்றே இருக்கிறது. டைட்டானியம் சூட்டில் எதையும் சும்மா விடாது. கார்பனோடு சேர்ந்து கார்பைடு, சிலிக்கானோடு சேர்ந்து சிலிசைடு என்று இழையின் விளிம்பில் உடையக்கூடிய ஒரு ஓடு வளர்ந்துகொண்டே போகும். அதன் தடிமன் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும்: இரண்டு மடங்காக நான்கு மடங்கு நேரம் ஆகும். வெப்பநிலையை ஏற்றினாலோ வேகம் எகிறிவிடும். ஓடு கனத்தால் முதல் விரிசல் அங்கிருந்து கிளம்பி இழைக்குள் போகும். போதாததற்கு டைட்டானியம் விரிவதில் பாதியளவுதான் இழை விரியும். அதனால் குளிரும்போது உலோகம் இழையை இறுக்கிப் பிடிக்கும், இழையைச் சுற்றியுள்ள உலோகம் இழுபட்டு நிற்கும். டைட்டானியம் அலுமினைடு வகை அலாய்களில் குளிரும்போதே இழையைச் சுற்றிக் கதிர்போல விரிசல் விட்டதைப் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட பொருளுக்கு பீட்டாவுக்கு மேலே போகும் ஹீட் ட்ரீட்மென்ட் எழுதித் தருவது அதன் ஆயுளைக் குறைப்பதற்குச் சமம். ‘டைட்டானியம் காம்போசிட்’ என்று ஒரே பெயரில் இரண்டையும் அட்டவணையில் அடுத்தடுத்துப் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

காற்றில் சூடாக்கினாலும் பிரச்சினைதான். 600 டிகிரிக்கு மேல் ஆக்சிஜன் உலோகத்துக்குள்ளேயே ஊறி, மேற்பரப்பில் ஆல்ஃபா கேஸ் என்ற உடையும் தோல் உருவாகும். வெற்றிடம் அல்லது ஆர்கான் இல்லாமல் செய்தால் அந்தத் தோலைக் கடைந்தோ அமிலத்தில் கரைத்தோ எடுத்தாக வேண்டும்.

நான் இந்தத் துறைக் கட்டுரைகளைப் படிக்கும்போது முதலில் தேடுவது ஒரே ஒரு துண்டைத்தான்: ஊசி போடாமல், அதே பவுடரில், அதே ஆக்சிஜன் அளவில், அதே ஃபர்னஸில், அதே நேரம் சூடாக்கிய துண்டு. அது இல்லாமல், வார்ப்பு சிக்ஸ்-ஃபோருக்குக் கையேட்டில் உள்ள எண்ணோடு காம்போசிட்டை ஒப்பிட்டு, வித்தியாசம் மொத்தத்தையும் ஊசிக் கணக்கில் எழுதினால் அது நியாயம் ஆகாது. கூடிய பலத்தில் ஒரு பங்கு பவுடரில் வந்த ஆக்சிஜனுடையது, ஒரு பங்கு சுருங்கிய கிரெயினுடையது, ஒரு பங்கு ஏஜிங்குடையது. மிச்சம்தான் ஊசி தாங்கிய சுமை. விறைப்பை வேண்டுமானால் பெரும்பாலும் ஊசிக்கே கொடுக்கலாம். அதை ஹீட் ட்ரீட்மென்ட் அதிகம் மாற்றுவதில்லை. பலத்தைப் பிரித்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஊசி சூட்டில் வளராது என்று முதலில் சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. போரானோடு உருக்கிய டைட்டானியத்தை வாயுவால் சிதறடித்துப் பவுடராக்கும்போது, ஒவ்வொரு துளியும் கண்ணிமைக்கும் நேரத்தில் உறைந்துவிடுகிறது. வெளியேற நேரம் கிடைக்காத போரானில் ஒரு பகுதி, கரையக் கூடாத அளவுக்கு உலோகத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அந்தப் பவுடரைச் சூடாக்கி அழுத்தும்போது, மாட்டிக்கொண்ட போரான் வெளியே வந்து மிக மெல்லிய புது ஊசிகளாகப் படிகிறது. ஏற்கெனவே இருந்த மெல்லிசான ஊசிகளும் வெப்பநிலை கூடக் கூடக் கொஞ்சம் தடிக்கும். லேசரால் அடுக்கிச் செய்யும் பாகங்களிலும் குளிர்ச்சி இதே மாதிரி வேகமானது. அங்கே ஊசிகள் மிக நுண்ணியதாக, கிரெயின் ஓரங்களில் வலையாகக் கிடக்கும். இந்த வகைத் துண்டை ஃபர்னஸில் வைத்தபிறகு பசங்க ஊசியின் தடிமனை அளக்கிறேன் என்றால், நான் எஸ்இஎம் (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) நேரம் ஒதுக்கிக் கொடுத்துவிடுவேன். ஒரு மணி நேரம் வைத்த துண்டு, ஐந்து மணி நேரம் வைத்த துண்டு, பக்கத்திலேயே ஊசியில்லாத துண்டு, மூன்றும் ஒரே மவுண்டில் (துண்டுகளைப் பதித்து வைக்கும் பிசின் வில்லையில்) இருந்தால் போதும்.